முகத்தைப் பார்த்துப் பூர்வீகம் சொல்லாதீர்கள்

செவ்வாய்க்கு இரண்டு நிலாக்கள். ஃபோபோஸ், டெய்மோஸ். "இரண்டும் செவ்வாயின் ஈர்ப்பில் சிக்கிக்கொண்ட சிறுகோள்கள்." இந்த வாக்கியத்தை நீங்கள் எங்கேயாவது படித்திருப்பீர்கள். வினாடி வினாவில் டிக் அடித்திருப்பீர்கள். யூடியூபில் பின்னணி இசையோடு கேட்டிருப்பீர்கள். நானும் எழுதியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால், ஒரு 'கருதப்படுகிறது'கூடப் போடாமல், அடித்துவிட்டேன். இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்துக்கு எதிரானது. என் பழைய கட்டுரையும் அதில் அடக்கம்.

அது பொய் என்று சொல்ல வரவில்லை. நாளைக்கே உண்மை என்றுகூட நிரூபணமாகலாம். என் சண்டை வேறு. அதை எதை வைத்துச் சொன்னார்கள்? முகத்தை வைத்து. 1971இல் மரைனர் 9, அதற்குப் பிறகு வைகிங் கலங்கள் எடுத்த படங்களில் இரண்டும் உருளைக்கிழங்கு மாதிரி கோணல்மாணலாக, பள்ளம் பள்ளமாக, கரி மாதிரி இருந்தன. தங்கள்மேல் விழும் சூரிய வெளிச்சத்தில் ஏழு சதவீதம் போலத்தான் திருப்பி அனுப்புகின்றன. சூரியனிடமிருந்து தள்ளி இருக்கும் கறுத்த சிறுகோள்களும் அப்படித்தான். கறுப்பு, கோணல், சின்னது, ஆகவே சிறுகோள். முடிந்தது ஜாதகம். நம் ஊரில் கலரையும் மூக்கையும் பார்த்துவிட்டு "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் தானே முடிவும் பண்ணிவிடுகிற ஆட்கள் உண்டு இல்லையா? அதே புத்திதான். கொஞ்சம் கணக்குப் போட்ட புத்தி, அவ்வளவு.

கணக்கு என்றதும் நினைவுக்கு வருகிறது. ஃபோபோஸ் விஷயத்தில் இப்படி அவசரப்படுவது இது முதல் தடவை இல்லை. 1945இல் ஷார்ப்லெஸ் என்ற வானியலாளர், ஃபோபோஸின் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது, அதாவது அது செவ்வாயை நோக்கிச் சுருண்டு இறங்குகிறது என்று கணக்கிட்டார். பிறகு சோவியத் வானியற்பியலாளர் ஷ்க்லோவ்ஸ்கி வந்தார். செவ்வாயின் மெல்லிய காற்று இவ்வளவு இழுக்க வேண்டுமானால் அந்த நிலா ரொம்ப லேசாக இருக்க வேண்டும். ரொம்ப லேசென்றால் உள்ளே வெற்றிடம். உள்ளே வெற்றிடம் என்றால் யாரோ கட்டியது! ஷ்க்லோவ்ஸ்கி சாதாரண ஆள் இல்லை, பெரிய மேதை. ஒவ்வொரு படியும் தர்க்கப்படி சரிதான். ஆரம்ப எண் மட்டும் தப்பு. அளவு உண்மையில் அதைவிடக் குறைவு. செவ்வாயின் உடலில் ஃபோபோஸ் கிளப்பும் ஓத விசையே அதற்குப் போதும். நூறு வருடத்துக்கு இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இறங்குகிறது. வேற்றுக்கிரகவாசிகள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள்.

சிறுகோள் கதைக்கு வருவோம். அதற்கு முதல் இடைஞ்சல் பாதைதான். ஃபோபோஸ் செவ்வாயின் தரையிலிருந்து 6,000 கிலோமீட்டர் உயரத்தில், ஏழே முக்கால் மணி நேரத்துக்குள் ஒரு சுற்று முடிக்கிறது. டெய்மோஸுக்கு முப்பது மணி நேரம். இரண்டின் பாதையும் ஏறக்குறைய வட்டம். இரண்டும் செவ்வாயின் நடுக்கோட்டுத் தளத்திலிருந்து ஒன்றிரண்டு பாகைதான் விலகியிருக்கின்றன. எங்கிருந்தோ வழி தவறி வந்து சிக்கிய பாறை இவ்வளவு ஒழுங்காகவா சுற்றும்? சிக்குவது என்றாலே நீண்ட, சாய்ந்த, கோணலான பாதையில்தான் சிக்கும். அதை வட்டமாக்கி நடுக்கோட்டுக்குக் கொண்டுவர வேண்டுமானால் நிறைய ஆற்றலை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். ஒரு நிலாவுக்கு அப்படி நடந்தது என்றால் அதிர்ஷ்டம் எனலாம். இரண்டுக்கும் என்றால்?

அதனால் இன்னொரு கதை வந்தது. செவ்வாயின் இளமைக் காலத்தில் ஏதோ பெரிய பொருள் அதன்மேல் மோதியது. தெறித்த குப்பை வளையமாகச் சுற்றியது. அதிலிருந்து திரண்டவைதான் இவை. 2016இல் ரோசன்பிளாட் குழு வெளியிட்ட மாதிரியில் உள்ளே ஒரு பெரிய நிலாவே உருவாகி, வெளியே இந்தப் பொடியன்கள் சேர உதவிவிட்டு, பிறகு செவ்வாயிலேயே விழுந்துவிடுகிறது. 2021இல் பகேரி குழு வேறு ஒன்று சொன்னது: ஒரே நிலா இரண்டாக உடைந்திருக்கலாம். கடந்து போன சிறுகோள் ஒன்று செவ்வாயின் ஈர்ப்பில் நொறுங்கி, அதன் துண்டுகளில் கொஞ்சம் அங்கேயே தங்கிவிட்டது என்பது 2024இல் வந்த இன்னொன்று. கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. கணினியில் எல்லாமே ஓடுகிறது. இலக்கிய வாசகர்களுக்கு இது புதிதா என்ன? சாமர்த்தியமான ஆள் எந்த முடிவிலிருந்தும் பின்னோக்கிப் போய் ஒரு தொடக்கத்தை எழுதிவிடுவான்.

சரி, நிறமாலை என்ன சொல்கிறது? அங்கேயும் இழுபறிதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் பக்கத்து அகச்சிவப்பிலும் பார்த்தால் கறுத்த சிறுகோள் ஜாடை. வெப்ப அகச்சிவப்பில் பார்த்த மார்ஸ் எக்ஸ்பிரஸ் தரவிலோ செவ்வாயில் இருக்கக்கூடிய சிலிக்கேட் தாதுக்களின் சாயல். 2023 மார்ச்சில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஹோப் கலம் டெய்மோஸை நூறு கிலோமீட்டர் தூரத்தில் கடந்தது. இது சிறுகோளைவிடச் செவ்வாய்ப் பாறை போலத்தான் தெரிகிறது என்றது அந்தக் குழு. ஒரே முகம், ஆளுக்கொரு ஜாடை சொல்கிறார்கள். மாமா ஜாடை, சித்தப்பா ஜாடை.

காரணம் எளிது. ஒளி பார்ப்பது தோலை. மைக்ரான் கணக்கில், மிஞ்சிப்போனால் மில்லிமீட்டர் கணக்கில் ஒரு தோல். அந்தத் தோல் கோடிக்கணக்கான வருடங்களாகச் சூரியக் காற்றிலும் நுண்விண்கல் அடியிலும் வெந்து கறுத்துப்போனது. அதன்மேல் செவ்வாயிலிருந்து தெறித்த தூசியும் படிந்திருக்கும். அந்தத் தோலைப் பார்த்துத்தான் ஐம்பது வருடமாகப் பூர்வீகம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இங்கேதான் எண்ணுகிறவர்கள் வருகிறார்கள். எனக்கு இவர்கள் கட்சி.

விண்வெளியில் எப்போதும் காஸ்மிக் கதிர்கள் பறந்துகொண்டிருக்கின்றன. பெரும்பாலும் புரோட்டான்கள். காற்றில்லாத ஒரு பாறைமேல் அவை விழுந்தால் அங்கிருக்கும் அணுக்கருவை உடைத்து நியூட்ரான்களைத் தெறிக்க வைக்கும். அந்த நியூட்ரான்கள் மண்ணுக்குள் முட்டி மோதி, வேகம் இழந்து, ஏதாவதொரு கருவில் போய் ஒட்டிக்கொள்ளும். அடி வாங்கிய கருவும் சரி, விருந்தாளியை ஏற்றுக்கொண்ட கருவும் சரி, மிச்ச ஆற்றலைக் காமா கதிராக வெளியே விடும். அந்த ஆற்றல் தனிமத்துக்குத் தனிமம் மாறும். இரும்பு என்றால் 7.6 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். ஹைட்ரஜன் 2.22. ஆக்சிஜன் 6.13. சிலிக்கான் 1.78. தவிர, யாரும் அடிக்காமலே தானாகச் சிதைந்து காமா விடும் ஆட்களும் உண்டு: பொட்டாசியம் 40, தோரியம், யுரேனியம். பொட்டாசியத்தின் 1.46 கோடு உங்கள் உடம்பிலிருந்தும் இப்போது வந்துகொண்டிருக்கிறது. சராசரி ஆளின் உடலில் நொடிக்கு நாலாயிரம் பொட்டாசியச் சிதைவுகள் நடக்கின்றன. பத்தில் ஒன்று போல காமாவாக வெளிவரும். தோரியத்தின் 2.61 கோட்டை மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலுக்குப் பக்கத்தில் ஒரு கருவியை வைத்தால் பார்த்துவிடலாம்.

இந்தக் கதிர்கள் தோலிலிருந்து வருவதில்லை. சில பத்து சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து வருகின்றன. வெயிலில் கறுத்தது, தூசி படிந்தது, எதுவும் இதற்குப் பொருட்டில்லை. கருவிக்குக் கறுப்பு வெளுப்பு தெரியாது. இரும்பு எத்தனை, சிலிக்கான் எத்தனை, ஹைட்ரஜன் எத்தனை? அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

அது எவ்வளவு பெரிய கதைகளைக் கவிழ்த்திருக்கிறது என்பதற்குப் புதன் கிரகம் ஒன்றே போதும். புதனுக்கு ஏன் இவ்வளவு பெரிய இரும்பு உள்ளகம், இவ்வளவு மெல்லிய பாறைப் போர்வை? இளம் சூரியனின் வெப்பத்தில் பாறை ஆவியாகிப் போனது என்றார்கள். ராட்சத மோதல் மேல்பகுதியைப் பிய்த்துக்கொண்டு போனது என்றார்கள். பொட்டாசியம் சூட்டில் ஓடிப்போகும். தோரியம் அசையாது. ஆகவே அவ்வளவு சூட்டைப் பார்த்த பாறையில் தோரியம் மிஞ்சி, பொட்டாசியம் குறைந்திருக்க வேண்டும். நம் நிலாவில் அப்படித்தான்: பொட்டாசியம், தோரியத்தைப்போல நானூறு மடங்கைக்கூட எட்டாது. பூமியில் சுமார் 3,000. செவ்வாயில் சுமார் 5,300. 2011இல் மெசஞ்சர் கலம் புதனைச் சுற்றிச் சுற்றி எண்ணியது. வந்த விடை சுமார் 5,200. செவ்வாயின் பக்கத்தில்! சூரியனுக்கு அடியில் கிடக்கும் கிரகத்தில் ஆவியாகக்கூடிய பொருள் அப்படியே இருக்கிறது. ஆவியாகிப்போன கதை அன்றோடு காலி. மோதல் கதையும் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒரே ஒரு விகிதம்.

இதே வேலையை ஃபோபோஸில் செய்யத்தான் ஜப்பானின் ஜாக்ஸா ஒரு கலத்தைக் கட்டியிருக்கிறது. பெயர் எம்எம்எக்ஸ். 2024இல் கிளம்ப வேண்டியது; எச்3 ராக்கெட்டின் சிக்கலால் 2026க்குத் தள்ளிப்போட்டார்கள். அதில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகம் செய்த காமா, நியூட்ரான் அளவி ஒன்று இருக்கிறது. பெயர் மெகானே. ஜப்பானிய மொழியில் மூக்குக்கண்ணாடி என்று அர்த்தம். பெயர் வைத்தவருக்கு ஒரு டீ வாங்கித் தரலாம். ஆனால் கண்ணாடி என்பதுதான் இதற்குக் கொஞ்சமும் பொருந்தாத உவமை.

இந்த இடத்தில் நான் புதன் கதையை அப்படியே ஃபோபோஸுக்கு ஒட்டினால் நானும் அடித்துவிடுகிற ஆளாகிவிடுவேன். தோரியம் ஃபோபோஸில் கைகொடுக்காமல் போகலாம். கார்பன் நிறைந்த பழைய விண்கற்களில் அது பத்து லட்சத்தில் 0.03 பங்குதான். செவ்வாயின் உட்பாறையிலும் அதே போலச் சொற்பம். ஒரு சின்ன நிலாவிலிருந்து அவ்வளவு மெல்லிய முணுமுணுப்பு காதில் விழுவது கஷ்டம். அதனால் அங்கே நம்ப வேண்டியது கொழுத்த தனிமங்களைத்தான். பழைய கார்பன் விண்கல்லில் எடைக்கு எடை சிலிக்கானைவிட இரும்பு அதிகம். செவ்வாய்ப் பாறையில் தலைகீழ்: சிலிக்கான்தான் அதிகம். விண்கல் வகை என்றால் தாதுக்களுக்குள் நீரும், அந்த நீரில் ஹைட்ரஜனும் இருக்கும். மோதலில் உருகித் திரண்டது என்றால் அது காய்ந்திருக்கும். ஹைட்ரஜனைப் பிடிக்க நியூட்ரான் கணக்கே போதும். நியூட்ரானும் ஹைட்ரஜன் கருவும் ஏறக்குறைய ஒரே எடை. கேரம் போர்டில் ஒரு காய் இன்னொரு காயில் நேராக அடித்தால் தன் வேகத்தை முழுக்கக் கொடுத்துவிட்டு நிற்கும் இல்லையா, அது மாதிரி. ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் நடுத்தர வேக நியூட்ரான்கள் சட்டென்று குறையும். 2002இல் மார்ஸ் ஒடிசி, செவ்வாயின் துருவப் பக்கங்களில் மண்ணுக்கடியில் கிடந்த பனியை இப்படித்தான் கண்டுபிடித்தது.

எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்வதில் பொருட்படுத்தத் தக்கது ஒன்று இருக்கிறது. "எம்எம்எக்ஸ் ஃபோபோஸில் இறங்கி மண்ணையே அள்ளிக்கொண்டு வரப்போகிறது. மண் கைக்கு வந்த பிறகு காமா எதற்கு? ஆய்வகத்தில் ஐசோடோப்பு பார்த்தால் ஐந்து நிமிடத்தில் சண்டை தீர்ந்துவிடுமே?" நியாயமான கேள்வி. ஐந்து நிமிடம் என்பதைத் தவிர.

அள்ளப்போவது பத்து கிராமுக்கு மேல் என்பதுதான் இலக்கு. ஃபோபோஸ் 27 கிலோமீட்டர் நீளமுள்ள பாறை. ஒன்றிரண்டு இடத்தில் எடுத்த ஒரு பிடி மண் எதைச் சொல்லும்? அந்த இடத்தைச் சொல்லும். அந்தப் பிடியில் செவ்வாயிலிருந்து தெறித்து விழுந்த துணுக்கு இருக்கலாம். ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும் என்று கணிப்பு உண்டு. எங்கிருந்தோ வந்து விழுந்த விண்கல் தூள் இருக்கலாம். ஃபோபோஸின் தரையே ஒரே மாதிரி இல்லை. ஸ்டிக்னி என்கிற ஒன்பது கிலோமீட்டர் பெரும்பள்ளத்தின் பக்கம் நீலச் சாயல், மற்ற இடம் சிவப்புச் சாயல். (1877 ஆகஸ்டில் இந்த நிலாக்களைக் கண்டுபிடித்த ஆசாப் ஹாலின் மனைவி ஏஞ்சலின் ஸ்டிக்னியின் பெயர் அது. தேடலை விட்டுவிட இருந்தவரைத் திரும்பத் தொலைநோக்கிக்கு அனுப்பியவர் அவர்தான் என்பார்கள். கணவருக்குக் கிடைத்த பள்ளம் இதைவிடச் சின்னது.) கையில் இருக்கும் மண் வீட்டுக்காரரா விருந்தாளியா என்று யார் சொல்வது? முழு நிலாவையும் சராசரியாக எண்ணிய ஒருவர் சொல்ல வேண்டும்.

வெஸ்டாவில் இது நடந்தது. 2011-12இல் டான் கலத்தின் காமா, நியூட்ரான் அளவி அந்தச் சிறுகோளை எண்ணியபோது, இரும்பு, சிலிக்கான், ஆக்சிஜன் விகிதங்கள் நம் கையில் ஏற்கெனவே இருந்த ஒரு விண்கல் வகையோடு பொருந்தின. அந்தக் கற்கள் வெஸ்டாவின் பிள்ளைகள் என்ற பழைய சந்தேகம் உறுதியானது. ஆனால் ஹைட்ரஜனும் இருந்தது; காய்ந்து கிடக்க வேண்டிய பாறையில், திட்டுத் திட்டாக. அது வெஸ்டாவினுடையது இல்லை; பிற்காலத்தில் வந்து விழுந்த கார்பன் விண்கற்களின் சொத்து. ஒரு திட்டில் மட்டும் மண் அள்ளியிருந்தால் வெஸ்டாவின் கதையையே மாற்றி எழுதியிருப்போம்.

என் கட்சிக்கும் ஒரு குட்டு வைத்துக்கொள்கிறேன். பொருள் ஒத்துப்போனால் பூர்வீகம் ஒத்துப்போய்விடுமா? நாமக்கல் பக்கத்தில் சித்தம்பூண்டி இருக்கிறது. அங்கே கிடைக்கும் அனார்த்தோசைட் பாறை, நிலாவின் மேட்டு நிலப் பாறைக்கு மிக நெருக்கமானது. சந்திரயான் சோதனைகளுக்கு இஸ்ரோ அந்தப் பாறையைத்தான் பொடித்து மண்ணாக்கிப் பயன்படுத்தியது. அதற்காக நிலா நாமக்கல்லிலிருந்து கிளம்பிப் போனது என்று யாரும் சொல்லவில்லை (வாட்ஸப்பில் சொல்லியிருக்கலாம்). ஒரே தாது இரண்டு வேறு வழிகளில் பிறக்கும். ஆகவே ஃபோபோஸின் இரும்பும் சிலிக்கானும் செவ்வாயோடு பொருந்தினாலும் 'மோதல்தான்' என்று அடுத்த நாள் தலைப்புப் போடக்கூடாது. மோதிய பொருளும் செவ்வாயும் பாதிக்குப் பாதி கலந்திருந்தால் விடையும் நடுவில் வந்து நிற்கும். அப்போது ஹைட்ரஜனையும் கார்பனையும் கேட்க வேண்டும். மண் வந்த பிறகு ஐசோடோப்பைக் கேட்க வேண்டும். எண்ணுவது ஒரு சாட்சி. ஆனால் இதுவரை நம்மிடம் இருந்தது சாட்சியே இல்லை, ஜாடைதான்.

இரண்டாவது எதிர்ப்பு நம் ஆட்களிடமிருந்தே வருவது. ஒரு முறை ஒரு ஆசிரியருக்கு இந்த மாதிரிக் கட்டுரை அனுப்பினேன். "நல்லா இருக்குங்க, ஆனா கொஞ்சம் பிரமிப்பு சேருங்களேன்" என்றார். பிரமிப்பு! தமிழில் விண்வெளி என்றாலே இந்த மசாலாவைத் தூவியாக வேண்டும். பிரபஞ்சம் பெரியது, நாம் தூசி, அங்கே ஒரு மௌனம், புல்லரிப்பு, முற்றும். அதில் ஒரு எண்ணும் இருக்காது. இருந்தால் அதுவும் ஆச்சரியக்குறியோடு நிற்கும் ஒளியாண்டாகத்தான் இருக்கும். எப்படித் தெரிந்தது என்ற கேள்வியை அந்தக் கட்டுரைகள் கேட்பதே இல்லை. அப்படிப் படித்துப் பழகியவர்களிடம் நாளைக்கு யாராவது வந்து ஃபோபோஸ் உள்ளே வெற்றிடம் என்றாலும் அதே புல்லரிப்போடுதான் கேட்பார்கள். ஷ்க்லோவ்ஸ்கிக்கு எண் தப்பு என்று காட்ட முடிந்தது. புல்லரிப்புக்கு எதைக் காட்டுவது?

எண்ணுவது எவ்வளவு அலுப்பான வேலை என்றும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நேர்மை. சின்ன நிலாவிலிருந்து வரும் காமா மிகக் குறைவு. தூரத்திலிருந்து கேட்காது. அதன் ஆர அளவுக்கு உயரத்திலோ அதற்கும் கீழேயோ போய், நாள் கணக்கில் காத்திருந்து, ஒன்று ஒன்றாகச் சேர்க்க வேண்டும். ஈரோஸ் என்ற சிறுகோளில் நியர் ஷூமேக்கர் கலத்துக்கு இதுதான் ஆனது. ஒரு வருடம் சுற்றியும் காமா கணக்கு தேறவில்லை. 2001 பிப்ரவரி 12 அன்று, இறங்குவதற்கென்று செய்யப்படாத அந்தக் கலத்தை மெதுவாகத் தரையில் இறக்கினார்கள். அது உடையாமல் உட்கார்ந்துவிட்டது. தரையில் கிடந்தபடி சுமார் ஒரு வாரம் எண்ணியதில்தான் உருப்படியான தரவு கிடைத்தது. அந்தக் காலத்துச் செய்திகளில் இறங்கிய சாகசம் வந்தது. எண்ணிய வாரம் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஃபோபோஸுக்கு இதுவரை போனவர்களின் கதையும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. சோவியத்தின் ஃபோபோஸ் 1, 1988இல் ஒரு தப்பான கட்டளையால் போனது. ஃபோபோஸ் 2 செவ்வாய் வரை போய், நிலாவை நெருங்கும் நேரத்தில், 1989 மார்ச் 27 அன்று பேச்சை நிறுத்தியது. ரஷ்யாவின் ஃபோபோஸ் குருன்ட் 2011 நவம்பரில் கிளம்பி, பூமியின் சுற்றுப்பாதையைத் தாண்ட முடியாமல், இரண்டு மாதத்தில் கடலில் விழுந்தது. கேள்வி கேட்டு நூற்றுச் சொச்சம் வருடம் ஆகிறது.

மெகானே அங்கே போய்ச் சேர்ந்தால் அதற்கு ஒரு தர்மசங்கடமும் உண்டு. காஸ்மிக் கதிர் ஃபோபோஸை மட்டும் அடிக்காது, கலத்தையும் அடிக்கும். கலத்தில் அலுமினியம் உண்டு, எரிபொருளில் ஹைட்ரஜன் உண்டு. எல்லாம் காமா விடும். கருவிக்கு மிக நெருக்கத்தில் இருக்கும் பாறை அதன் சொந்தக் கலம்தான். உள்ளே இருக்கும் ஜெர்மானியப் படிகத்தைக் கடுங்குளிரில் வைக்க வேண்டும். கதிரடியில் அது மெல்லக் கெடும். அவ்வப்போது சூடாக்கிச் சரிசெய்ய வேண்டும். ஆகவே ஃபோபோஸுக்கு இறங்குவதற்கு முன்னால், அந்த நிலாவின் சத்தம் எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு, கருவி முதலில் எண்ணப்போவது தன் வண்டியிலிருந்து வரும் கதிர்களை. பிறகு ஃபோபோஸின் பக்கத்தில் எண்ணியதிலிருந்து அதைக் கழிப்பார்கள்.